'அந்த குரூப்பா?' - பிளஸ் டூ தொழிற்பிரிவில் யார் படிக்கிறார்கள், அவர்களின் மார்க் என்ன சொல்கிறது?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த பிறகு, எந்த ஊர் அரசு மேல்நிலைப் பள்ளி வாசலில் நின்றாலும் காதில் விழும் கேள்வி ஒன்றுதான். "எந்த குரூப்?"

'பயோ மேத்ஸ்' என்றால் எதிரில் இருப்பவரின் புருவம் உயரும். 'கம்ப்யூட்டர் சயின்ஸ்' என்றால் தலை ஆடும். 'காமர்ஸ்' என்றால், "பேங்க் எக்ஸாம் எழுதலாம்ல" என்று ஒரு நல்ல வார்த்தை வரும். 'ஒக்கேஷனல்' என்று பையன் சொன்னால் மட்டும் அடுத்த கேள்வி வேறு மாதிரி இருக்கும். "ஏன், மார்க் வரலையா?"

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பல வருடங்களாகப் பழகிப்போன கேள்வி இது. கேட்பவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால், தொழிற்பிரிவில் யார் யார் வந்து சேர்கிறார்கள், அவர்களின் தேர்ச்சி விகிதம் ஏன் மற்ற பிரிவுகளைவிடக் குறைகிறது என்கிற இரண்டுக்குமான பதில் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

என்ன இந்தத் தொழிற்பிரிவு?

1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை அறிமுகமானபோதே தொழிற்பிரிவும் கூடவே வந்தது. அதற்கு முன் கல்லூரியில் இருந்த பி.யூ.சி படிப்பு பள்ளிக்கு மாறியது. அதோடு, கல்லூரிக்குப் போக முடியாத பிள்ளைகள் கையில் ஒரு தொழிலோடு வெளியே போகட்டும் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது.

இன்று ஒரு டஜன் தொழிற்பாடங்கள் இருக்கின்றன. அடிப்படை இயந்திரவியல், மின் பொறியியல், மின்னணுப் பொறியியல், கட்டடப் பொறியியல், தானியங்கி ஊர்திப் பொறியியல் என ஐந்து பொறியியல் பாடங்கள். நெசவியல் தொழில்நுட்பம், நெசவியலும் ஆடை வடிவமைப்பும், உணவக மேலாண்மை, வேளாண் அறிவியல், செவிலியம் ஆகியவை அடுத்து. அலுவலக மேலாண்மையும் செயலியலும், கணக்குப்பதிவியலும் தணிக்கையியலும் கடைசி இரண்டு. பிள்ளைகள் யாரும் இப்படி முழுப்பெயர் சொல்வதில்லை. "மெக்கானிக்கல் குரூப்", "நர்சிங் குரூப்", "அக்ரி", "டைப்ரைட்டிங் குரூப்" - அவ்வளவுதான்.

தமிழ், ஆங்கிலம் எல்லோருக்கும் பொது. அவற்றோடு கணிதம், உயிரியல் போன்ற ஒரு துணைப்பாடம் இருக்கும். பிறகு தொழிற்பாடம். அதில் எழுத்துத் தேர்வு தனி, செய்முறை தனி. இயற்பியல், வேதியியல் பாடங்களில் செய்முறை என்பது ஒரு சிறிய பங்கு மட்டும். இங்கே செய்முறையே ஒரு முழுத்தாள். காலையில் தமிழ்ச் செய்யுளை மனப்பாடம் செய்துவிட்டு, மதியம் ஃபைலும் வைஸும் பிடித்து இரும்புத் துண்டை அளவுக்கு ராவும் மாணவனை மேல்நிலைப் பள்ளியில் வேறு எந்தப் பிரிவிலும் பார்க்க முடியாது.

மார்க் பட்டியலில் எங்கே நிற்கிறது?

2024 மே 6 அன்று வெளியான பிளஸ் டூ முடிவில் மாநிலத்தின் மொத்தத் தேர்ச்சி 94.56 சதவிகிதம். பிரிவு வாரியாகப் பார்த்தால் அறிவியல் 96.35, வணிகவியல் 92.46, கலைப்பிரிவு 85.67, தொழிற்பிரிவு 85.85. அதற்கு முந்தைய ஆண்டான 2023-ல் அறிவியல் 96.32, தொழிற்பிரிவு 82.11, கலைப்பிரிவு 81.89.

இதைத் திருப்பிப் போட்டால்தான் உறைக்கும். 2024-ல் அறிவியல் பிரிவில் தேர்வு எழுதிய 100 பேரில் தோற்றவர்கள் நாலு பேர்கூட இல்லை. தொழிற்பிரிவில் 14 பேர். கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஒரே பள்ளி, ஒரே தலைமையாசிரியர், ஒரே தமிழ் வினாத்தாள், ஒரே ஆங்கில வினாத்தாள் என்று இருக்கும்போதே இந்த வித்தியாசம்.

எல்லோரும் நினைப்பதுபோல பட்டியலின் கடைசியில் இருப்பது தொழிற்பிரிவு இல்லை. இந்த இரண்டு ஆண்டுகளிலும் கலைப்பிரிவு அதற்கும் ஒரு நூலிழை கீழே. வரலாறும் தொழிற்பாடமும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் பாடத்தின் கடினம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டு பிரிவுக்கும் பிள்ளைகள் வந்து சேரும் வழி ஒன்று.

சேர்க்கை நாளில் நடப்பது

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை வாங்கியதும் பள்ளியில் ஒரு வடிகட்டல் நடக்கிறது. அதிக மார்க் எடுத்தவர்கள் முதலில் தனியார் பள்ளிக்கோ, அறிவியல் பிரிவுக்கோ போய்விடுகிறார்கள். அடுத்த வரிசை காமர்ஸ். கணக்கிலும் ஆங்கிலத்திலும் பாஸ் மார்க்கை ஒட்டி எடுத்தவர்கள், துணைத் தேர்வில் தேறி தாமதமாக வந்தவர்கள், இடையில் ஓர் ஆண்டு விட்டுப் படிக்க வந்தவர்கள் கடைசியில் மிஞ்சுகிறார்கள். இவர்களுக்கு மிஞ்சியிருக்கும் இடம் கலைப்பிரிவும் தொழிற்பிரிவும்.

'மெக்கானிக்கல் எனக்குப் பிடிக்கும்' என்று சொல்லி வருபவர்கள் இல்லாமல் இல்லை. அப்பா ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், அண்ணன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருப்பவர் என்று விரும்பிச் சேர்பவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களும், அனுப்பப்பட்டு வந்தவர்களும் ஒரே பெஞ்சில்தான் உட்கார வேண்டும். முதல் ஆளுக்கு இருக்கும் ஆர்வத்தை அடுத்த ஆள் பிடித்துக்கொண்ட வகுப்புகளும் உண்டு. 'இது மார்க் வராதவங்க குரூப்' என்று முதல் ஆளும் நம்பிவிட்ட வகுப்புகளும் உண்டு.

தொழிற்பிரிவு பெரும்பாலும் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும்தான் இருக்கிறது. தனியார் மெட்ரிக் பள்ளி விளம்பர போர்டில் 'இங்கே ஆட்டோமொபைல் குரூப் உண்டு' என்று பார்த்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். எனவே இங்கே வருபவர்கள் அரசுப் பள்ளிக் குடும்பங்களின் பிள்ளைகள். வீட்டில் முதன்முதலாகப் பதினொன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அதில் நிறையப் பேர். மாலையில் பரோட்டா கடை, மொபைல் கடை, பைக் மெக்கானிக் ஷாப் என்று எங்காவது நின்று வீட்டுக்குக் காசு கொண்டுபோகும் பையன்களும் இதில் இருக்கிறார்கள். கல்யாண சீசனில் சமையல் வேலை, அறுவடையில் வயல் வேலை என்று வருகைப் பதிவேட்டில் ஓட்டை விழும்.

இன்னொரு பிரிவினையும் இருக்கிறது. பொறியியல் தொழிற்பாடங்களில் பெண்கள் குறைவு. செவிலியத்திலும் ஆடை வடிவமைப்பிலும் பையன்கள் குறைவு. இது பெரிய ரகசியம் இல்லை. ஆனால் மார்க்கைப் படிக்கும்போது இதை மறந்துவிடுகிறோம். 2024-ல் மாநில அளவில் மாணவிகள் 96.44 சதவிகிதம், மாணவர்கள் 92.37 சதவிகிதம் தேர்ச்சி. ஆண்கள் மட்டும் படிக்கும் பள்ளிகளின் தேர்ச்சி 88.98-தான். மெக்கானிக்கல் குரூப் என்பது நடைமுறையில் ஒரு சின்ன ஆண்கள் பள்ளி. அதன் தேர்ச்சியை இருபாலர் அறிவியல் பிரிவோடு நேருக்கு நேர் நிறுத்தி, 'தொழிற்கல்வி தரமில்லை' என்று முடிவு கட்டுவது சரியான கணக்கு அல்ல.

20 பேர் வகுப்பில் ஒருவர் தவறினால்...

தொழிற்பிரிவு வகுப்புகள் சிறியவை. சில ஊர்களில் ஒரு வகுப்பையே ஒரு ஆட்டோவில் ஏற்றிவிடலாம் என்று கிண்டல் செய்வார்கள். சின்ன வகுப்பில் சதவிகிதம் என்பது ஊஞ்சல் மாதிரி ஆடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 120 பேர் படிக்கும் அறிவியல் பிரிவில் ஒருவர் தோற்றால் தேர்ச்சி 99 சதவிகிதத்துக்கு மேலேயே நிற்கும். 20 பேர் படிக்கும் தொழிற்பிரிவில் ஒருவர் தோற்றால் 95. மூன்று பேர் தோற்றால் 85. அந்த மூன்று பேரில் ஒருவர் அப்பா இறந்த வாரத்தில் தேர்வு எழுதியவராக இருக்கலாம். இன்னொருவர் ஆங்கிலத்தில் 33 எடுத்தவராக இருக்கலாம். மறு வருடம் மூன்று பேரும் பாஸாகிவிட்டால் 'நூறு சதவிகிதத் தேர்ச்சி' என்று பேனர் வைப்பார்கள். இரண்டு வருடங்களிலும் அதே ஆசிரியர், அதே பட்டறை.

மாவட்டக் கல்வி அலுவலகக் கூட்டங்களில் தலைமையாசிரியர்கள் பதில் சொல்ல வேண்டியது இந்த எண்ணுக்குத்தான். தேர்ச்சி குறைந்தால் விளக்கம் கேட்பார்கள். சேர்க்கை குறைந்தால் பிரிவையே மூடுவது பற்றிப் பேச்சு வரும். ஆகவே, தலைமையாசிரியருக்குத் தொழிற்பிரிவு இரண்டு பக்கமும் இடிக்கும். பலவீனமான மாணவர்களைச் சேர்த்தால் தேர்ச்சி விழும். சேர்க்காமல் விட்டால் பிரிவு விழும்.

பட்டியலிலேயே இல்லாதவர்கள்

தேர்ச்சி சதவிகிதம் கணக்கிடப்படுவது தேர்வு எழுதியவர்களை வைத்து. 2024-ல் 7,60,606 பேர் எழுதினார்கள். 7,19,196 பேர் தேர்ச்சி. சேர்ந்துவிட்டு எழுதாமலே போனவர்கள் அந்த வகுத்தலுக்குள் வருவதில்லை.

2023 மார்ச் 13 நினைவிருக்கும். பிளஸ் டூ முதல் நாள், தமிழ்த் தேர்வு. 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் வரவில்லை என்ற செய்தி மாநிலத்தையே உலுக்கியது. அவர்களில் பலர் தேர்வுக்கு பயந்து அன்று காலை வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் அல்லர். பல மாதங்களாகவே பள்ளிக்கு வராமல், பெயர் மட்டும் பதிவேட்டில் இருந்தவர்கள். பத்தாம் வகுப்பில் தட்டுத்தடுமாறித் தேறியவர்கள், வேலைக்குப் போய்விட்டவர்கள், கல்யாணமாகிப் போன பெண்கள். தொழிற்பிரிவு எந்தப் பிள்ளைகளுக்காக ஆரம்பிக்கப்பட்டதோ, கிட்டத்தட்ட அதே பிள்ளைகள்.

'நல்ல ரிசல்ட்' கொடுத்த ஒரு பிரிவு, இரண்டு வருடத்தில் எத்தனை பேரை வழியில் விட்டது என்று பார்க்காமல் அதைப் பாராட்டவும் முடியாது. 30 பேர் சேர்ந்து 22 பேர் எழுதி 22 பேரும் பாஸானால் தேர்ச்சி 100. 30 பேர் சேர்ந்து 30 பேரும் எழுதி 26 பேர் பாஸானால் தேர்ச்சி 87-க்கும் கீழே. எந்த வகுப்பு ஆசிரியர் அதிகம் உழைத்தார்?

செய்முறையில் 90, ஆங்கிலத்தில் 30

பிளஸ் டூவில் ஒவ்வொரு பாடத்திலும் தனித்தனியாக 35 வேண்டும். ஒன்றின் மார்க் மற்றொன்றைத் தூக்கிவிடாது. பட்டறையில் வெளித்தேர்வாளர் முன்னால் பிசிறில்லாமல் வேலையை முடித்துக்காட்டி 90 வாங்கியவனும், ஆங்கிலத்தில் 30 எடுத்தால் தோற்றவன்தான். மார்க் ஷீட்டில் அவன் பெயருக்கு எதிரே அதுதான் நிற்கும்.

இதை மாற்ற வேண்டும் என்று சொல்ல முடியாது. மொழி தெரியாமல் தொழில் மட்டும் தெரிந்தால் போதும் என்பது வேறு விதமான அநியாயம். நாளைக்கு மெஷின் மேனுவலை அவனேதான் படிக்க வேண்டும். பிரச்னை வேறு இடத்தில். பத்தாம் வகுப்பில் ஆங்கிலமும் கணக்கும் வராததால் இந்தப் பிரிவுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு, இங்கே அவற்றைக் கூடுதலாகக் கற்றுக்கொடுக்க யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. அறிவியல் பிரிவோடு சேர்த்து உட்காரவைத்து அதே வேகத்தில் ஆங்கில வகுப்பு நடந்தால், பழைய இடைவெளி அப்படியே இரண்டு வருடம் வளரும்.

தமிழ்நாட்டுக்கு ஏன் இந்தத் தயக்கம்?

'பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக்கொடு' என்றால் மற்ற மாநிலங்களில் அது ஒரு திட்டம். தமிழ்நாட்டில் அது ஒரு பழைய காயம். 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் குடும்பத் தொழில். செருப்பு தைப்பவரின் பிள்ளை செருப்பு தைக்கவும், வெளுப்பவரின் பிள்ளை வெளுக்கவுமா என்று பெரியாரும் தி.மு.க-வும் எதிர்த்தார்கள். 'குலக்கல்வி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1954-ல் ராஜாஜி பதவி விலகி, காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

அந்த நினைவு இன்னும் போகவில்லை. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பிலிருந்தே தொழிற்கல்வி என்றபோது இங்கே முதலில் எழுந்த சொல் அதுதான். ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு ஏற்காமல், குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கச் சொன்னது. பயனாளிகளின் குறைந்தபட்ச வயதை 18-லிருந்து 35 ஆக உயர்த்தச் சொன்னது. 18 வயதுப் பிள்ளை கல்லூரிக்குப் போகட்டும் என்பதே அதன் வாதம்.

வாதம் நியாயமானது. 2021-22 கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தில் இந்தியா 28.4-ல் நிற்க, தமிழ்நாடு 47-ல் நிற்பதற்குப் பின்னால் இந்தப் பிடிவாதம் இருக்கிறது. ஆனால் அதே மாநிலத்தின் மேல்நிலைப் பள்ளிகளில், மார்க்கை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து ஒரு பகுதியினரைத் தொழில் பக்கம் அனுப்பும் வேலை ஒவ்வொரு கோடையிலும் சத்தமில்லாமல் நடக்கிறது. அதை எதிர்த்து ஊர்வலம் எதுவும் போனதில்லை.

டெல்லியின் கணக்கும் பலிக்கவில்லை. 1986 தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 10 சதவிகிதம் பேரை 1990-க்குள்ளும், 25 சதவிகிதம் பேரை 1995-க்குள்ளும் தொழிற்கல்விக்குக் கொண்டுவர வேண்டும் என்றது. எட்ட முடியாமல் 1992-ல் கெடுவை ஐந்து ஐந்து வருடம் தள்ளிவைத்தார்கள். அதுவும் போனது.

மெஷினுக்குத் துணி போர்த்திய அறை

1978-க்குப் பிறகான வருடங்களில் சேர்ந்த தொழிற்கல்வி ஆசிரியர்களில் பெரும்பாலோர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்கள். பல பள்ளிகளில் அவர்கள் இருந்த இடம் நிரப்பப்படாமலே இருந்தது; ஆசிரியர் போனதும் பிரிவும் போனது. நர்சிங் பாடத்தைத் தாவரவியல் ஆசிரியரும், மெக்கானிக்கலைக் கணக்கு ஆசிரியரும் சமாளிக்க முடியாது. செய்முறைத் தாள் என்று ஒன்று இருக்கிறதே!

மறுபக்கம் ஐ.டி.ஐ-க்கள் வேறு பாதையில் போய்விட்டன. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாய் செலவில் 71 அரசு ஐ.டி.ஐ-க்கள் ரோபோ, கணினி வழி இயங்கும் இயந்திரங்கள் என்று தரம் உயர்த்தப்பட்டன. அதே ஊர் மேல்நிலைப் பள்ளியின் பட்டறையில் பழைய லேத் ஒன்று துணி போர்த்தியபடி நிற்கும். ஐ.டி.ஐ-யில் இரண்டு வருடம் படித்தவர் தமிழ், ஆங்கிலத் தேர்வு மட்டும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்றிதழ் பெறலாம். 'அப்படியென்றால் பையனை ஐ.டி.ஐ-யிலேயே போட்டுவிடலாமே' என்று விவரம் தெரிந்த அப்பா கேட்டால், பள்ளியில் பதில் சொல்வது கஷ்டம்.

அப்ரென்டிஸ் உதவித்தொகையும் அதே கதைதான். தொழிற்பிரிவில் பிளஸ் டூ முடித்தவருக்கு தொழிற்பழகுநர் சட்டத்தில் தனி வகையே உண்டு. சென்னை தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் மூலம் கம்பெனிகளில் பயிற்சிக்குச் சேரலாம். 2019 விதித் திருத்தத்தில் இவர்களுக்கு வைத்த குறைந்தபட்சத் தொகை மாதம் 7,000 ரூபாய். எந்தப் பிரிவில் பிளஸ் டூ முடித்தவருக்கும் அதே 7,000. இரண்டு வருடம் பட்டறையில் நின்றதற்கு அந்தப் பட்டியலில் ஒரு ரூபாய்கூடக் கூடுதல் இல்லை.

மாசசூசெட்ஸில் தலைகீழ்

தொழிற்பள்ளி என்றாலே மார்க் குறைந்தவர்களுக்கு என்பது இயற்கை விதி இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளிகளில் ஒரு வாரம் பாடம், அடுத்த வாரம் பட்டறை என்று மாறி மாறி நடத்துகிறார்கள். பிளம்பிங், எலெக்ட்ரிகல் வேலைக்கு அங்கே நல்ல சம்பளம் என்பதால் சேர்வதற்குப் போட்டி, காத்திருப்புப் பட்டியல். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானதும் பள்ளிகள் மார்க், வருகை, நடத்தை என்று பார்த்துப் பார்த்து எடுக்க ஆரம்பித்தன. விளைவு, ஏழைப் பிள்ளைகளும், ஆங்கிலம் புதிதாகக் கற்கும் குடியேறிகளின் பிள்ளைகளும், மாற்றுத்திறன் கொண்டவர்களும் வெளியே நின்றார்கள். பெற்றோர் போராடினார்கள். 2025 மே மாதம் அந்த மாநிலக் கல்வி வாரியம், மார்க்கைப் பார்க்காமல் குலுக்கல் முறையில் சேர்க்க வேண்டும் என்று விதியை மாற்றியது.

அங்கே 'எங்கள் பிள்ளைக்கு ஏன் தொழிற்பள்ளியில் இடம் இல்லை' என்று சண்டை. இங்கே 'எங்கள் பிள்ளைக்கு ஏன் அந்த குரூப்' என்று வருத்தம். தேர்ச்சி விகிதமும் அதற்கேற்ப மாறுகிறது. உள்ளே வருபவரைப் பொறுத்துத்தான் வெளியே வரும் மார்க்.

திறக்கும் கதவு, திறக்காத கதவு

தொழிற்பிரிவில் சேர்ந்தால் மேற்படிப்பே இல்லை என்ற பேச்சு தப்பு. பொறியியல் கலந்தாய்வில் இவர்களுக்குத் தனி இடங்கள், தனி ரேங்க் பட்டியல். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவிகித ஒதுக்கீடும் உண்டு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசின் பொறுப்பு. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஒரு வருடம் மிச்சம். அக்ரி குரூப் மாணவர்களுக்கு வேளாண் பல்கலைக்கழகச் சேர்க்கையில் தனி ஒதுக்கீடு இருக்கிறது. கணக்குப்பதிவியல் படித்தவர் பி.காமும் போகலாம், சி.ஏ ஃபவுண்டேஷனும் எழுதலாம். கல்லூரி, டிப்ளமோ, ஐ.டி.ஐ எதில் சேர்ந்தாலும் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களுக்குத் தொழிற்பிரிவு ஒரு தடை இல்லை.

ஆனால் சில கதவுகள் திறக்காது. அதை ஜூன் மாதமே சொல்லிவிடுவதுதான் நேர்மை. நர்சிங் குரூப் எடுக்கும் பெண்ணிடம் "பின்னாடி டாக்டர்கூட ஆகலாம்" என்று உறவினர் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நீட் தேர்வுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். இந்தப் பிரிவில் மூன்றும் சேர்ந்து கிடைப்பதில்லை. நர்சிங் படிப்புகளிலும் எதற்கு எந்தப் பாடம் வேண்டும் என்ற தகுதி விதி படிப்புக்குப் படிப்பு மாறும். பள்ளி வழங்கும் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு நர்ஸாகப் பதிவு செய்யவும் முடியாது. இது தெரியாமல் இரண்டு வருடம் கழித்துக் கண்ணீர் விடுவதைவிட, சேரும்போதே தெரிந்துகொண்டு எடுப்பது நல்லது.

பொறியியல் கல்லூரிக்குள் போனவர்களுக்கும் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. முதல் செமஸ்டரிலேயே இயற்பியல், வேதியியல், உயர் கணிதம். லேத்தில் கை பழகியவன், பிளஸ் டூவில் பார்க்காத பாடங்களில் அரியர் வைக்கிறான். வகுப்பில் பாதிப்பேர் வொர்க்‌ஷாப் லேபில் முழிக்கும்போது இவன் முன்னால் நிற்பான். அந்த லேபுக்கு உள்ள மார்க் கொஞ்சம்தான். ரிசல்ட் முதல் கல்லூரி வகுப்பு வரை இருக்கும் கோடை இடைவெளியில், கணக்கை மட்டுமாவது தினம் ஒரு மணி நேரம் போட்டுப் பழகியவர்களுக்கு அந்தப் பள்ளம் சின்னதாகத் தெரியும். கணிதத்தைத் துணைப்பாடமாக எடுக்க வாய்ப்பிருந்தால், 'கஷ்டம்' என்று தள்ளிவிடாமல் பதினொன்றிலேயே எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

சேர்க்கும் முன் கேட்க வேண்டியவை

பிள்ளை விரும்பிக் கேட்டாலும் சரி, மார்க் காரணமாகப் பள்ளியே சொன்னாலும் சரி, படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் பெற்றோர் தலைமையாசிரியரிடம் சிலவற்றைக் கேட்கலாம். இந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா, அவர் நிரந்தரமா, எப்போது ஓய்வு பெறுகிறார்? போன வருடம் பதினொன்றில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், இப்போது பன்னிரண்டில் இருப்பவர்கள் எத்தனை பேர்? தேர்ச்சி சதவிகிதத்தைப் பள்ளியே சொல்லிவிடும். இந்த இரண்டு எண்களைக் கேட்டால்தான் சொல்வார்கள். ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் தனியாக வகுப்பு உண்டா? முன்பு முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?

கடைசியாக, பட்டறையையோ ஆய்வகத்தையோ திறந்து காட்டச் சொல்லலாம். மெஷின் மேல் தூசி இருக்கிறதா, எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க இன்ஜினீயர் தேவையில்லை. சுவிட்சைப் போட்டு ஒரு தடவை ஓடவிட்டுக் காட்டச் சொன்னால் பெரும்பாலான ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.